கல்லூரியா, கிளப்பா? அமெரிக்கப் பெண்கள் கால்பந்துக்கு எது நல்லது

அமெரிக்கப் பெண்கள் அணி 1991, 1999, 2015, 2019 என நான்கு உலகக் கோப்பைகளை வென்றதற்குப் பின்னால் இருந்தது கல்லூரிக் கால்பந்துதான். 1972-இல் வந்த டைட்டில் நைன் சட்டத்தால் பெண்களுக்கும் விளையாட்டு உதவித்தொகை கிடைத்தது, மற்ற நாடுகள் கண்டுகொள்ளாத காலத்தில் இங்கே ஆயிரக்கணக்கான பெண்கள் படித்துக்கொண்டே ஆடினார்கள்.

ஆனால் கல்லூரி சீசன் இலையுதிர் காலத்தில் சில மாதங்கள்தான். கல்லூரி விதிப்படி, மாற்றப்பட்டு வெளியே போன ஆட்டக்காரர் திரும்ப உள்ளே வரலாம் என்பதால் ஓட்டமும் உடல் வலுவும் முன்னுக்கு வருகின்றன, பந்தைக் காலில் வைத்து நிதானமாக யோசிக்கும் பழக்கம் பின்னுக்குப் போகிறது.

கல்லூரிக்குப் போகாமல் தொழில்முறை கிளப்பிலேயே வளரும் வழி வேறு. பார்சிலோனா கிளப்பில் ஸ்பெயின் நடுக்கள வீராங்கனை ஐதானா பொன்மாத்தி மாதிரி பெண்கள் சிறு வயதிலேயே சேர்ந்து, வருடம் முழுக்க ஒரே பாணியில் வளர்கிறார்கள். 2023 உலகக் கோப்பையை ஸ்பெயின் தூக்கியது, அமெரிக்கா ஸ்வீடனிடம் பெனால்டியில் தோற்று 16 அணிகள் சுற்றிலேயே வெளியேறியது. அன்று எனக்கு மனசே ஆறவில்லை.

சரி, கல்லூரியை மூடிவிடலாமா? கூடாது. அமெரிக்க அணியின் தற்காப்பு வீராங்கனை நயோமி கிர்மா ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் வளர்ந்தவர்தான், 2024 ஒலிம்பிக் தங்கத்தில் அவர் பங்கு பெரிது. ஆனால் 15 வயதில் அமெரிக்க நடுக்கள வீராங்கனை ஒலிவியா மோல்ட்ரி, லீகின் வயது வரம்பை எதிர்த்து, தொழில்முறையில் ஆட நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்ததே, அதுதான் தப்பு. முன்களத்திலும் நடுக்களத்திலும் ஆடும் திறமைசாலிகளுக்கு நான் கிளப்பைத்தான் சொல்வேன். தாமதமாக மலர்பவர்களுக்குக் கல்லூரி இருக்கட்டும்.