ஸ்பென்சர் ரைஃபிள்: பின்கட்டையில் ஏழு தோட்டா

அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில் கிறிஸ்டோபர் ஸ்பென்சர் ராணுவத்திடம் கொண்டுபோன இந்தத் துப்பாக்கியின் சூட்சுமம் பின்கட்டையில்தான் இருக்கிறது. துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்து, கட்டை முனையிலுள்ள பூட்டைத் திருப்பி, ஸ்பிரிங் குழாயை உருவ வேண்டும். ஏழு தோட்டாக்களையும் ஈயமுனை முன்னால் போகும்படி போட்டு, குழாயைத் திரும்பச் செருகிப் பூட்டினால் தயார். விசையைச் சுற்றியுள்ள வளையம்தான் நெம்புகோல். கீழே தள்ளினால் வெற்றுக்கூடு வெளியே வரும். மேலே இழுத்தால் அடுத்த தோட்டா ஏறும். தோட்டாவைத் தட்டி வெடிக்க வைக்கும் சுத்தியலை மட்டும் ஒவ்வொரு முறையும் கட்டைவிரலால் பின்னுக்கு இழுக்க வேண்டும். புதிதாகக் கையாள்பவர் மறப்பது இதைத்தான். விசையை அழுத்திக்கொண்டே இருப்பார், வெடிக்காது. இந்தக் கூடுதல் வேலை இருந்தும் நிமிடத்துக்கு 14 குண்டுக்குக் குறையாது. குழல்வாய் வழியாக மருந்து கெட்டிக்கும், ராணுவத்தின் வழக்கமான ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கியில் மூன்று சுட்டாலே கெட்டிக்காரர்.

உறுதியில் குறை சொல்ல முடியாது. 1861இல் மன்றோ கோட்டையில் கேப்டன் டயர் இதை எண்பது முறை சுட்டார், மணலில் புதைத்தார், உப்புநீர் பட 24 மணி நேரம் விட்டார். துடைக்காமலே மறுபடி சுட்டது. கடற்படை அதற்கு முன்பே தன் அதிகாரி டால்கிரென் நடத்திய சோதனையைப் பார்த்து 700 வாங்க முடிவெடுத்திருந்தது.

தரைப்படைத் தளவாடத் தலைவர் ரிப்ளிதான் மறுத்தார்: எடை அதிகம், தனித் தோட்டா வேண்டும், விலை அதிகம். அவரை வெறும் பழமைவாதி என்று ஒதுக்குவது எளிது. ஆனால் ஸ்பென்சர் கேட்டது சுமார் 40 டாலர். ஸ்பிரிங்ஃபீல்டு ஏறக்குறைய 20. செம்புக்கூட்டின் விளிம்பில் வெடிமருந்து வைத்த தோட்டா தீர்ந்தால், காகிதத்தில் மருந்தைச் சுருட்டிச் சமாளிக்க வழியில்லை. மருந்தும் 45 கிரெயின்தான் (சுமார் 3 கிராம்), ஸ்பிரிங்ஃபீல்டில் 60. தூரத்துச் சுடலில் அது தெரியும்.

1861 டிசம்பரில் ரிப்ளியின் மறுப்பை மீறி 10,000 துப்பாக்கிக்கு ஆர்டர் கிடைத்தது. அதன்பின் தாமதத்துக்கு ஸ்பென்சர் நிறுவனமே பொறுப்பு. பாஸ்டனில் இயந்திரங்களை நிறுவவே மாதங்கள் ஓடின. 1862 மார்ச் கெடு தவறியது, ஆர்டர் 7,500 ஆகக் குறைந்தது, தரைப்படைக்கு முதல் சரக்கு போனது அந்த ஆண்டின் கடைசியில். 1863 ஆகஸ்டில் லிங்கனே பலகையை இலக்காக வைத்துச் சுட்டுப்பார்த்தது பிரபலமான கதை. ஆனால் அதற்கு இரண்டு மாதம் முன்பே டென்னசி மாநிலத்தின் ஹூவர்ஸ் கணவாயில் வடக்குத் தரப்புக் கர்னல் வைல்டரின் படை இதை வைத்துச் சண்டை போட்டுவிட்டது.

குழாயில் ஒவ்வொன்றாகப் போடுவதுதான் கடைசிவரை இடைஞ்சல். ஏழேழாக நிரப்பிய தகரக் குழல்களைச் சுமக்கும் பிளேக்ஸ்லி பெட்டியும் சேர்ந்து கிடைத்தால் மட்டுமே இதன் வேகம் முழுதாகக் கைக்கு வரும்.