இறுதியாட்டத்தில் யார் கை ஓங்கும்: கிராண்ட்மாஸ்டரா, எஞ்சினா, டேபிள்பேஸா?

செஸ்ஸில் காய்கள் குறைந்துபோன கடைசிக் கட்டம்தான் இறுதியாட்டம். பலகையில் காய்கள் குறைந்தால் கணினிக்குக் கொண்டாட்டம் என்றுதான் தோன்றும். இருபது ஆண்டுகளுக்கு முன்பு நிலைமை நேர்மாறு. நடு ஆட்டத்தின் அமளியில் கிராண்ட்மாஸ்டர்களையே திணறடித்த எஞ்சின்கள் எனும் செஸ் நிரல்கள், ராணிகள் வெட்டுப்பட்டு வெளியேறியதும் தடுமாறின. 2002இல் பஹ்ரைனில் டீப் ஃபிரிட்ஸ் எஞ்சினைச் சந்தித்த ரஷ்ய கிராண்ட்மாஸ்டர் கிராம்னிக், வேண்டுமென்றே சீக்கிரமாக ராணிகளை மாற்றிக்கொண்டு இரண்டாம், மூன்றாம் ஆட்டங்களை வென்றார். (போட்டி 4-4 என முடிந்த பழி இறுதியாட்டத்தைச் சேராது. ஐந்தாவதில் ஒரு காயைக் கோட்டைவிட்டார். ஆறாவதில் குதிரையைப் பலியிட்டு, கணினிக்குப் பிடித்தமான களத்தில் தானே போய் இறங்கினார்.)

சிக்கல் யோசிக்கும் திசையில் இருந்தது. எஞ்சின் இந்த நகர்த்தலுக்கு அந்தப் பதில் என்று முன்னோக்கிப் போகும். அனுபவமுள்ள ஆட்டக்காரர் ராஜா கடைசியில் எந்தக் கட்டத்தில் நிற்க வேண்டும் என்பதை முதலில் தீர்மானித்துவிட்டுப் பின்னோக்கி வருவார். ஒரு மந்திரியும் ஓரச் சிப்பாயும் கூடுதலாக இருந்தும், சிப்பாய் ராணியாகும் மூலைக் கட்டம் மந்திரியின் நிறத்தில் இல்லாமல், எதிரி ராஜா அங்கே போய் உட்கார்ந்துவிட்டால் ஆட்டம் டிரா. பயிற்சி வகுப்புக்குப் போகும் சிறுவனுக்கும் இது தெரியும். பழைய எஞ்சினோ காய்களை எண்ணிப் பார்த்து வெற்றி என்று நம்பிக்கொண்டிருக்கும். நிரல் எழுதியவர் இந்த விதிவிலக்கைத் தனியே சேர்த்தால்தான் உண்டு.

இந்த வேறுபாட்டுக்கு எனக்குப் பிடித்த சான்று 1998 லினாரஸ் போட்டியில் கிராண்ட்மாஸ்டர் ஷிரோவ் இன்னொரு கிராண்ட்மாஸ்டரான டோப்பலோவை வென்ற ஆட்டம். ஷிரோவிடம் இரண்டு சிப்பாய்கள் அதிகம். ஆனால் இருவரின் மந்திரிகளும் எதிரெதிர் நிறக் கட்டங்களில் இருந்ததால் டிரா வாடை அடித்தது. 47ஆம் நகர்த்தலில் அவர் தன் மந்திரியை எச்3 கட்டத்தில், ஒரு சிப்பாய் வெட்டக்கூடிய இடத்தில் கொண்டுபோய் வைத்தார். மந்திரி விலகிய எஃப்5 வழியாக ராஜா இ4க்குப் போக வேண்டும். அதற்கு ஒரே ஒரு நகர்த்தல் மிச்சமானால் போதும். அந்த ஒன்றுக்காக முழுக் காயையே கொடுத்தார். அன்றைய எஞ்சின்கள் இதைச் சீண்டக்கூட இல்லை. பலன் அவற்றின் பார்வைக்கு அப்பால் இருந்தது.

டேபிள்பேஸ் வேறு சாதி. அது செக்மேட்டில் தொடங்கிப் பின்னோக்கிக் கணக்கிட்டு, சில காய்களே மிஞ்சிய சாத்தியமான எல்லா நிலைகளையும் அவற்றின் முடிவோடு பதிவு செய்து வைக்கிறது. திசையில் மனிதரைப் போல, துல்லியத்தில் யாரைப் போலவும் இல்லை. 1970களின் பிற்பகுதியில் கணினி அறிஞர் கென் தாம்சன், யானைக்கு எதிராக ராணி என்ற இறுதியாட்டத்தில் டேபிள்பேஸ் கொண்ட தன் கணினியை கிராண்ட்மாஸ்டர் வால்டர் பிரவுனுடன் மோதவிட்டார். ராணி பிரவுனிடம், 31 நகர்த்தலில் வெல்லக்கூடிய நிலை, பந்தயம் 100 டாலர். புத்தகங்கள் யானையை ராஜாவின் பக்கத்திலேயே வைக்கச் சொல்லும். கணினியோ துணிந்து பிரித்து வைத்தது. டிரா ஆகாமலிருக்க விதி அனுமதிக்கும் 50 நகர்த்தலுக்குள் பிரவுனால் முடிக்க முடியவில்லை. பிறகு படித்துவிட்டு வந்து, மறு ஆட்டத்தில் சரியாக 50ஆவது நகர்த்தலில் யானையை வெட்டினார். எனக்கு அந்த இரண்டாவது ஆட்டத்தின் மேல்தான் மதிப்பு அதிகம்.

2012இல் மாஸ்கோவின் லோமனோசோவ் டேபிள்பேஸ் ஏழு காய்கள் வரை முடித்தது. அதில் 549 நகர்த்தல் தேவைப்படும் செக்மேட்டும் இருக்கிறது. அதைப் பார்த்து யாரும் எதையும் கற்க முடியாது.

இன்றைய எஞ்சின் பழைய எஞ்சின் அல்ல. 2018 லண்டன் உலக சாம்பியன் போட்டியின் ஆறாம் ஆட்டத்தில், கருவானா தன் குதிரையைத் தானே சிறைவைத்தால் கார்ல்சனை வெல்லலாம் என்று செஸ்ஸே கணினி கண்டுபிடித்தது. கருவானாவுக்கு அது தோன்றவில்லை, ஆட்டம் டிரா. அப்படி ஒருவர் ஆடியிருந்தால் ஒளித்து வைத்த கருவியைத் தேட உடனே மெட்டல் டிடெக்டரைக் கேட்டிருப்பார்கள் என்று முன்னாள் உலக சாம்பியன் காஸ்பரோவ் கேலி செய்தார்.

ஆகவே ஏழு காய்களுக்குள் என்றால் டேபிள்பேஸிடம் கேளுங்கள், வாதாட வேண்டாம். அதற்கு மேல் எஞ்சின். ஆனால் சிப்பாய்கள் பூட்டிக்கொண்டு, உள்ளே நுழைய வழியே இல்லாத நிலைகளில் யார் எவ்வளவு முன்னிலை என்று அது காட்டும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். பத்து நகர்த்தல் போன பிறகும் +2 அதே +2 ஆகவே நின்றால், அது பெரும்பாலும் டிராதான்.