ஸ்பாட்லைட், ஆல்ஃபிரட், ரேகாஸ்ட்: மேக்கில் எந்த லாஞ்சர் யாருக்கு?

மேக் கணினிக்குக் கட்டாயம் தேவைப்படும் செயலிகள் எவை என்று யார் கேட்டாலும், என் பட்டியலில் முதலிடம் லாஞ்சருக்குத்தான்; அதாவது, விசைகளால் அழைத்து, தட்டச்சு செய்தே வேலைகளை முடிக்க உதவும் தேடல் பெட்டிக்கு. காணொளி பார்க்க ஐஐஎன்ஏ அல்லது விஎல்சி, சுருக்கிய கோப்புகளை விரிக்க கெக்கா என்று மற்றவற்றை ஓரிரு வரியில் சொல்லி முடித்துவிடலாம். அவை தேவை வரும்போது மட்டும் திறக்கப்படுபவை. லாஞ்சரோ நாள் முழுவதும் விரல் நுனியில் இருப்பது. ஒரு செயலியைத் திறப்பது, கோப்பைத் தேடுவது, கணக்குப் போடுவது, சற்றுமுன் நகலெடுத்த வரியை மீட்பது ஆகிய அனைத்தும் அந்த ஒரே பெட்டியின் வழியாக நடப்பதால், அதை மட்டும் பொறுப்பாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மேக்கிலேயே உள்ளமைந்த லாஞ்சரான ஸ்பாட்லைட், 2005ஆம் ஆண்டு மேக் இயங்குதளத்தின் டைகர் பதிப்போடு வந்தது. நீண்ட காலம் அது பெரும்பாலும் தேடும் கருவியாகவே இருந்தது. அந்தக் குறையை நிரப்பத்தான் குவிக்சில்வர், லாஞ்ச்பார் போன்ற வேறு லாஞ்சர்களைப் பலரும் நாடினார்கள். 2025இல் வெளியான டஹோ பதிப்பு இந்த நிலையைப் பெரிதும் மாற்றிவிட்டது. கமாண்ட், ஸ்பேஸ் விசைகளை அழுத்திப் பெட்டியைத் திறந்தபின், கமாண்டுடன் 1 முதல் 4 வரையிலான எண்களை அழுத்தினால் செயலிகள், கோப்புகள், செயல்கள், கிளிப்போர்டு வரலாறு (முன்பு நகலெடுத்தவற்றின் பட்டியல்) என நான்கு பிரிவுகளுக்கும் நேரடியாகப் போகலாம். ‘ஏஆர்’ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளைத் தட்டினால் நினைவூட்டல் சேர்க்கும் படிவம் அங்கேயே விரிகிறது. புதிதாக மேக் வாங்கியவர் வேறு எதையும் நிறுவாமல் சில வாரங்கள் இதோடு பழகிப் பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து; தமக்கு எது போதவில்லை என்று தெரிந்தபின் ஆல்ஃபிரட், ரேகாஸ்ட் ஆகிய மற்ற இரண்டு லாஞ்சர்களில் ஒன்றைத் தேர்வது எளிதாகிவிடும்.

போதாமை பெரும்பாலும் கோப்புகளில்தான் தெரியவரும். அங்கே ஆல்ஃபிரடுக்கு இணையான ஒன்றை நான் பார்த்ததில்லை. 2010 முதல் வளர்ந்துவரும் இந்தச் செயலியை ஒரு சிறிய பிரிட்டிஷ் நிறுவனம் உருவாக்குகிறது. பெட்டியைத் திறந்து ஸ்பேஸ் விசையை ஒருமுறை தட்டிவிட்டுப் பெயரை எழுதினால் கோப்புகள் மட்டுமே வரிசையில் நிற்கும். ‘இன்’ என்ற ஆங்கிலச் சொல்லோடு தொடங்கினால் கோப்புகளுக்குள் இருக்கும் உரையிலும் தேடும். இதன் உண்மையான பலம், பல கோப்புகளை ஒன்றாகச் சேர்த்துவைக்கும் கோப்புத் தாங்கலில் வெளிப்படுகிறது. தேவையான கோப்பின் மீது நின்று ஆப்ஷன் விசையோடு மேல் அம்புக்குறியை அழுத்தினால் அது பெட்டியின் தலைப்பகுதியில் ஒரு சிறு படமாக ஏறிக்கொள்ளும். தேடலை மாற்றி வேறொரு கோப்புறையிலிருந்து இன்னொன்றையும், வேறிடத்திலிருந்து மூன்றாவதையும் சேர்த்த பிறகு, மூன்றையும் ஒரே கட்டளையில் நகர்த்தலாம் அல்லது மின்னஞ்சலில் இணைக்கலாம். மேக்கின் கோப்பு மேலாளரான ஃபைண்டரில் மூன்று சாளரங்களைத் திறந்துவைத்து இழுத்துப் போடும் வேலை இங்கே சில விசைகளில் முடிந்துவிடுகிறது.

ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆல்ஃபிரட் கோப்புகளைத் தேடுவது, கோப்புகளின் விவரங்களைக் குறித்துவைக்கும் மேக்கின் சொந்த அட்டவணையை, அதாவது ஸ்பாட்லைட் பயன்படுத்தும் அதே அட்டவணையை நம்பித்தான். அது பழுதானால் இரண்டிலும் கோப்பு அகப்படாது. அந்நேரத்தில் செயலியைக் குறை சொல்லிப் பயனில்லை. கணினி அமைப்புகளில் ஸ்பாட்லைட்டின் தனியுரிமைப் பட்டியலில் வட்டைச் சேர்த்து, பிறகு நீக்கி, அட்டவணையை மறுபடி உருவாக்கச் செய்வதே வழி.

ரேகாஸ்ட் 2020இல் வந்தது. அதன் நோக்கமே வேறு. கோப்புகளைவிட, நாம் அன்றாடம் பயன்படுத்தும் இணையச் சேவைகளை ஒரே பெட்டிக்குள் கொண்டுவருவதே அதன் இலக்கு. நாட்காட்டி, பணிப்பட்டியல், குறிப்பேடு, நிரல் களஞ்சியம் ஆகியவற்றுக்கான எக்ஸ்டென்ஷன்களை, அதாவது கூடுதல் இணைப்புகளை, அதன் கடையிலிருந்து நொடியில் சேர்க்கலாம். அவற்றின் மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருப்பதால், விவரம் அறிந்தவர்கள் படித்துப் பார்த்தபின் நிறுவிக்கொள்ளலாம். சாளரங்களை அடுக்குவதும் கிளிப்போர்டு வரலாறும் இலவசப் பதிப்பிலேயே கிடைக்கின்றன.

கட்டண முறையிலும் இவை எதிரெதிர்த் திசையில் நிற்கின்றன. ஆல்ஃபிரடின் அடிப்படைத் தேடல் இலவசம்; கிளிப்போர்டு வரலாறு, பல செயல்களைக் கோத்துத் தானாக நடத்தும் ஒர்க்ஃப்ளோ போன்றவை வேண்டுமென்றால் பவர்பேக் எனும் கட்டண உரிமத்தை ஒருமுறை வாங்க வேண்டும். ரேகாஸ்டில் பெரும்பகுதி இலவசமாகக் கிடைக்க, ஏஐ வசதிகளுக்கும் பல கணினிகளுக்கிடையே அமைப்புகளை ஒத்திசைப்பதற்கும் மாதச் சந்தா அல்லது ஆண்டுச் சந்தா கேட்கிறது. என்னைப் பொறுத்தவரை, கையோடு ஒட்டிப்போகும் ஒரு கருவிக்கு ஒருமுறை பணம் கொடுத்து முடித்துக்கொள்வதே நிம்மதி. அதனாலும் என் வேலை பெரும்பாலும் கோப்புகளோடு என்பதாலும் நான் ஆல்ஃபிரடிலேயே நிற்கிறேன். பத்துச் சேவைகளுக்கிடையே நாள் முழுதும் தாவ வேண்டிய அலுவலகப் பணியாளருக்கு ரேகாஸ்டைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

தமிழில் தட்டச்சு செய்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தமிழ் 99 அல்லது அஞ்சல் விசைப்பலகை இயங்கிக்கொண்டிருக்கும்போது லாஞ்சரைத் திறந்தால், ஆங்கிலத்தில் செயலியின் பெயரை எழுத நினைத்த இடத்தில் தமிழ் எழுத்துகள் வந்து விழுந்து, தேடல் எதையும் கண்டுபிடிக்காமல் நிற்கும். ஆல்ஃபிரட், ரேகாஸ்ட் இரண்டிலும், பெட்டி திறக்கும்போது மட்டும் நாம் சொல்லும் விசைப்பலகைக்கு மாறிக்கொள்ளும் அமைப்பு, மேம்பட்ட அமைப்புகள் என்ற பகுதியில் இருக்கிறது. நிறுவியவுடன் முதலில் அதை இயக்கிவிடுங்கள்.

ஆல்ஃபிரட், ரேகாஸ்ட் இரண்டையும் ஒரே நேரத்தில் சோதிக்க விரும்புபவர்கள், இரண்டுக்குமே ஆப்ஷனும் ஸ்பேஸும்தான் இயல்பான அழைப்பு விசைகள் என்பதால், ஒன்றுக்கு வேறு விசையை ஒதுக்கிவிட்டுத் தொடங்க வேண்டும். கமாண்டும் ஸ்பேஸும் வேண்டுமென்றால், விசைப்பலகைக் குறுக்குவழிகள் பகுதியில் ஸ்பாட்லைட்டுக்கு உள்ள குறியை முன்னதாகவே எடுத்துவிடுவது அவசியம்.