பிபிஎஃப்: எந்தப் பெயிண்டுக்கு ஒட்டலாம், எதற்கு வேண்டாம்

போன வருடம் புது வண்டி எடுத்த கையோடு முன்பக்கத்துக்கு மட்டும் பிபிஎஃப் (பெயிண்டைக் காக்க அதன் மேல் ஒட்டும் நிறமில்லாத ஃபிலிம்) ஒட்டினேன். அதற்கு முன் வைத்திருந்த வெள்ளை ஹேட்ச்பேக்குக்கும் ஒட்டியிருந்தேன், அதில் கையைச் சுட்டுக்கொண்டேன். இரண்டு தடவையும் கடையில் கேட்ட பேச்சு ஒன்றுதான்: "ஒட்டிடுங்க சார், அப்புறம் கவலையே இல்லை." வண்டிக்கு என்ன பெயிண்ட், கம்பெனியில் அடித்ததா வெளியே அடித்ததா என்று முதல் தடவை யாரும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

ஃபிலிமைப் பற்றி முதலில் சுருக்கமாக. 150 முதல் 200 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டருக்கு ஆயிரம் மைக்ரான்) தடிமனில் கண்ணாடி மாதிரி ஒரு தோல். வாங்கினால் டிபியு, அதாவது ரப்பர் மாதிரி நெகிழும் பிளாஸ்டிக்கில் செய்தது வாங்குங்கள். விலை குறைவு என்று பிவிசி பக்கம் போனால் நம் வெயிலில் சீக்கிரமே மஞ்சளாகி விறைத்துப்போகும். செராமிக் கோட்டிங் போட்டால் போதாதா என்று கேட்பவர்களுக்கு: அது ஒன்றிரண்டு மைக்ரான்தான், பளபளப்பு தரும், கழுவ லேசாக இருக்கும், ஆனால் கல்லடிக்குத் தாங்காது. நான் தினமும் தாம்பரத்துக்கும் மறைமலைநகருக்கும் இடையே ஜல்லி லாரிகளுக்குப் பின்னால் போய்வருகிறவன், எனக்குக் கல்தான் பிரச்சினை.

சரி, பெயிண்டுக்கு வருவோம். சாதா வெள்ளை, அதாவது மெட்டாலிக்கும் (உலோகத் துகள் கலந்தது) இல்லாத பேர்லும் (முத்து மாதிரி மினுக்குவது) இல்லாத சாலிட் வெள்ளை என்றால் என் ஓட்டு ஃபிலிமுக்கு இல்லை. கல் பட்டுப் புள்ளி விழுந்தால் டச்சப் பேனாவால் தொட்டு வைத்தாலே இரண்டடி தள்ளி நின்று பார்ப்பவருக்குத் தெரியாது. ஒரு பேனலையே திரும்ப அடித்தாலும் நிறம் பெரும்பாலும் சேர்ந்துவிடும். ஆனால் ஃபிலிம் லேசாக மஞ்சளித்தாலும் வெள்ளையில்தான் முதலில் தெரியும், ஓரங்களில் அழுக்கு சேர்ந்து பென்சிலால் கோடு போட்ட மாதிரி நிற்கும். சாலிட் கறுப்பு வேறு கதை. துடைத்த துணியின் வட்டக் கோடுகள் அத்தனையும் வெயிலில் தெரியும் நிறம் அது. ஃபிலிமின் மேல்பூச்சு சூட்டில் தானாகச் சேர்ந்துகொள்வதால் சின்னக் கீறல்கள் மதியம் நிறுத்தி வைத்தாலே மறைந்துவிடும்.

மெட்டாலிக், பேர்ல் இரண்டுக்கும் தயங்காமல் ஒட்டலாம் என்பேன், என் இப்போதைய வண்டி அடர் சிவப்பு மெட்டாலிக் என்பதால் மட்டும் இல்லை. மெட்டாலிக்கில் இருப்பது அலுமினியத் துகள். அது எந்தச் சாய்வில் படுக்கிறது என்பதை வைத்துத்தான் நிறம் தெரிகிறது. ஸ்ப்ரே துப்பாக்கியின் காற்றழுத்தம் மாறினால், பெயிண்டர் கொஞ்சம் ஈரமாக அடித்தால், அதே கலர் நம்பர் பெயிண்டே வேறு நிறமாகத் தெரியும். அதனால்தான் ஃபெண்டருக்கு (முன்சக்கரத்தை மூடியிருக்கும் பக்கத் தகடு) அடிக்கச் சொன்னால் நல்ல பெயிண்டர் பக்கத்துக் கதவு வரை இழுத்துக் கரைத்துவிடுவார். பேர்ல் வெள்ளை இன்னும் மோசம், கீழே வெள்ளை, நடுவே பேர்ல், மேலே கிளியர் கோட் என்ற நிறமில்லாத பூச்சு என்று மூன்று அடுக்கு. நடு அடுக்கு ஒரு பூச்சு கூடினாலும் குறைந்தாலும் சாயல் மாறும். இந்த மாதிரி நிறத்தில் கம்பெனி பெயிண்ட் ஒருமுறை போனால் போனதுதான், அதைக் காப்பாற்றச் செலவு செய்வதில் நியாயம் இருக்கிறது.

மேட், அதாவது பளபளப்பே இல்லாத பெயிண்ட் அடித்த வண்டி என்னிடம் இருந்ததில்லை, நண்பனுடைய மேட் சாம்பல் நிற வண்டியை நாலைந்து தடவை கழுவிக் கொடுத்ததோடு சரி. மேட்டில் பாலிஷ் என்ற பேச்சே கிடையாது, தேய்த்த இடம் மட்டும் பளபளவென்று திட்டாகிவிடும். காக்காய் எச்சம் ஒரு நாள் வெயிலில் காய்ந்தால் அந்தத் தடம் நிரந்தரம், பிறகு முழு பேனலையும் அடிக்க வேண்டியதுதான். அதனால் மேட்டுக்கு மேட் ஃபிலிம் ஒட்டுவது வசதிக்கு இல்லை, தேவைக்கு. பளபளா ஃபிலிமை ஒட்டிவிட்டால் மேட்டுக்குக் கொடுத்த காசு வீண், வண்டி பளபளப்பாகத்தான் தெரியும்.

இவ்வளவும் கம்பெனி பெயிண்டுக்கு. இனிமேல் சொல்வதற்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

பழைய வெள்ளை வண்டியின் இடது ஃபெண்டரை ஒரு டெம்போ தேய்த்துவிட்டுப் போனது. பக்கத்துப் பட்டறையில் டிங்கரிங் செய்து, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து வாங்கினேன். வேலை சுத்தமாகத்தான் இருந்தது. இரண்டு வாரம் கழித்து முன்பக்கம் முழுக்க ஃபிலிம் ஒட்டினேன், அந்த ஃபெண்டரையும் சேர்த்து. மூன்று வருடம் ஒரு பிரச்சினையும் இல்லை. விற்கும்போது மஞ்சளித்த ஃபிலிமை எடுத்துவிடலாம் என்று ஒரு கடைக்குப் போனேன். பையன் ஹீட் கன்னால் சூடு காட்டி, பானெட் ஃபிலிமைச் சாய்வாகப் பிடித்து நிதானமாக இழுத்தான், பாய் சுருட்டுவது போல வந்தது. அதே கை, அதே சூடு, ஃபெண்டருக்கு வந்ததும் 'சர்ர்' என்று ஒரு சத்தம். ஃபிலிமைத் திருப்பிப் பார்த்தால் அதன் பசைப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு என் வண்டியின் வெள்ளை. ஃபெண்டரில் மஞ்சள் பட்டி பல்லிளித்தது. பையனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கம்பெனியில் பெயிண்ட் சுமார் 140 டிகிரியில் வேகிறது, வெறும் பாடி என்பதால் அந்தச் சூட்டைத் தாங்கும். வெளியே வண்டியில் பிளாஸ்டிக், ஒயரிங், சீட் எல்லாம் இருப்பதால் நல்ல பூத்திலேயே (பெயிண்ட் அடித்துக் காய வைக்கும் மூடிய அறை) 60 டிகிரி அளவில்தான் காய வைக்க முடியும், பட்டறையில் அதுவும் இல்லை, காற்றில் காய்ந்தால் உண்டு. அடியில் சரியாகத் தேய்க்காமல் அடித்திருந்தால் பிடிமானம் இன்னும் குறைவு. உள்ளே இருக்கும் தின்னர் முழுதாக வெளியேறும் முன் மேலே ஃபிலிமை மூடினால் அதுவும் சிக்கல்தான். குறைந்தது ஒரு மாதமாவது விடச் சொல்வார்கள், நான் விட்டது இரண்டு வாரம். ஃபிலிமின் பசைக்கு இதெல்லாம் தெரியாது, எது பலவீனமோ அது கழன்று வரும்.

அதனால் வெளியே பெயிண்ட் அடித்த பேனலுக்கு என் பதில் வேண்டாம். செராமிக்கோ மெழுகோ போதும். நல்ல பூத்தில் அடித்துப் பல மாதம் ஆனது என்றால் தாங்கலாம், நான் துணிய மாட்டேன். கிளியர் கோட் இல்லாத பழைய காலத்து சாலிட் பெயிண்டுக்கும் இதே பதில்தான், பாலிஷ் போட்டால் துணியில் நிறம் ஒட்டுகிறதே, அந்த மாதிரி வண்டி. ஒட்டுவதற்குக் கேட்கும் விலையைத்தான் எல்லோரும் பேரம் பேசுகிறோம், உரிக்கும் கூலியையும் உரித்தபின் வரும் செலவையும் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. எனக்கு ஃபெண்டரைத் திரும்ப அடித்த செலவு போக, வாங்க வந்தவர் "இது ஆக்சிடெண்ட் வண்டியா?" என்று கேட்டு விலையைக் குறைத்தார்.

விற்பனையில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. பழைய கார் வியாபாரிகள் பெயிண்டின் தடிமனை அளக்கும் மீட்டர் வைத்துப் பார்ப்பார்கள். கம்பெனி பெயிண்ட் சுமார் 100 முதல் 130 மைக்ரான் காட்டும். மேலே ஃபிலிம் இருந்தால் 300 பக்கம் போகும், திரும்ப அடித்த பேனலும் ஏறக்குறைய அதையேதான் காட்டும். ஃபிலிம் என்று நீங்கள் சொல்வதை அவர் நம்ப வேண்டிய கட்டாயம் இல்லை. பம்பர் பிளாஸ்டிக் என்பதால் அங்கே அந்த மீட்டர் வேலையே செய்யாது, அது தனி.

புது வண்டி என்பதாலேயே எல்லாம் கம்பெனி பெயிண்ட் என்றும் எண்ண முடியாது, லாரியில் வரும்போது பட்ட சிராய்ப்பை டீலர் யார்டிலேயே சரிசெய்து கொடுப்பதும் உண்டு. அதனால் இந்தத் தடவை ஃபிலிம் ஒட்டும் முன் கடைக்காரரிடமே மீட்டரை வாங்கி ஒவ்வொரு பேனலாக வைத்துப் போட்டோ எடுத்தேன். பானெட் 114, வலது ஃபெண்டர் 109, இடது ஃபெண்டர் 121. பிரிண்ட் போட்டு ஆர்சி காப்பியோடு டேஷ்போர்டில் வைத்திருக்கிறேன்.