பழைய பத்மினிக்கு மறுபெயின்ட்: சிங்கிள் ஸ்டேஜா, கிளியர் கோட்டா?

சென்னையில் கடலோரமாக வீடு, வாசலில் ஒரு பிரீமியர் பத்மினி கார் என்றால், எதை அடித்தாலும் துரு என்றாவது ஒருநாள் எட்டிப் பார்க்கத்தான் செய்யும். அதனால் டெலிவரி அன்றைக்கு எது மினுங்கும் என்று நான் பார்க்கவில்லை. நாலு வருடம் கழித்துக் கதவின் அடியில் கொப்பளம் கிளம்பும்போது, அந்த இடத்தை மட்டும் சுரண்டி அடித்தால் ஒட்டு தெரியாமல் இருக்குமா என்பதை வைத்துத்தான் முடிவெடுத்தேன். அடித்தது சிங்கிள் ஸ்டேஜ் 2கே பி.யூ., அதாவது ஹார்டனர் கலந்து அடிக்கும் பாலியூரிதேன் பெயின்ட், அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாயும்.

டூக்கோ என்கிற பழைய லாக்கர் பெயின்டைச் சீக்கிரம் தாண்டிவிடலாம். பழைய காலத்துச் சாயல் அப்படியே வரும், ஒட்டு வேலையும் சுலபம். ஆனால் நம் வெயிலில் சீக்கிரம் வெளுக்கும், பாலிஷ் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். தினமும் ஓடும் வண்டிக்கு வேண்டாம்.

கிளியர் கோட், அதாவது நிறத்தின் மேல் தனியாக அடிக்கும் நிறமில்லாப் பூச்சு, பளபளப்பில் கில்லாடி, மெட்டாலிக் நிறம் வேண்டுமென்றால் பெரும்பாலும் அதுதான் வழி. சிக்கல் ஒட்டு வேலையில். நிறத்தைப் பக்கத்தில் கரைத்துவிடலாம், மேலே வரும் கிளியரை நடுப் பேனலில் நிறுத்தினால் நாளடைவில் அந்த விளிம்பு தெரியும், உரியவும் செய்யும். அதனால் முழுப் பேனலுக்கும் அடிக்க வேண்டும். கதவு என்றால் சரி. பின் சக்கர வளைவில் கட்டைவிரல் அளவு துரு வந்தால்? அந்தப் பேனல் கண்ணாடியை ஒட்டி மேலேறிக் கூரையோடு சேர்ந்துவிடுகிறது, எங்கே நிறுத்துவது?

சிங்கிள் ஸ்டேஜில் நிறமும் மினுக்கும் ஒரே பூச்சு. ஒட்டுப் போட்ட விளிம்பை 2000 நம்பர் தண்ணீர்ப் பேப்பரால் தேய்த்துக் காம்பவுண்ட் (பாலிஷ் போடும் பசை) போட்டால் பழையதோடு கலந்துவிடும். தேய்க்கும்போது துணியில் நிறம் ஒட்டும், பயப்பட வேண்டாம், அது அப்படித்தான். பத்மினியின் பழைய நிறங்களில் பல சாலிட்தான், அதாவது மெட்டாலிக் மினுக்கு இல்லாதவை, அதற்கு இது பொருந்தியும் போகும். மெட்டாலிக்கில் எனக்குக் கை அனுபவம் குறைவு, அங்கே என் பேச்சைக் கேட்காதீர்கள்.

நிறம் பொருத்துவதற்கு வெளிப் பேனலைக் காட்டாதீர்கள், அது வெளுத்திருக்கும். டிக்கி மூடியின் உள்பக்கம், கதவு ரப்பருக்கு அடியில் என்று வெயில் படாத இடத்தைக் காம்பவுண்டால் துடைத்து, அதைக் காட்டி மிக்ஸ் போடச் சொல்லுங்கள். வெள்ளை என்றாலும் விடாதீர்கள், பழைய வெள்ளையில் துளி மஞ்சளும் கறுப்பும் கலந்திருக்கும். ஒரு தகரத் துண்டில் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு வெயிலிலும் டியூப்லைட்டிலும் வைத்துப் பாருங்கள், ஒன்றில் பொருந்தி இன்னொன்றில் காலை வாரும் மிக்ஸ் நிறைய உண்டு. இன்னொன்று, பி.யூ. ஹார்டனரின் புகை நுரையீரலுக்கு ஆகாது. கர்ச்சீப் கட்டிக்கொண்டு அடிக்கும் பெயின்டரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார், பரவாயில்லை, சொல்லுங்கள்.

எந்தப் பெயின்ட் ஆனாலும் அடியில் எபாக்சி பிரைமர் இருக்கட்டும். வெறும் ரெட் ஆக்சைடு ஈரத்தை உள்ளே விடும், அதன் மேல் பள்ளம் நிரப்பப் பூசிய பட்டி அந்த ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், கொப்பளம் அங்கிருந்துதான் புறப்படும்.

வண்டியின் அடிப்பாகத்துக்கும் அதே கணக்குதான். தார் மாதிரி கறுப்புக் கோட்டிங் மலிவு, கல் தெறிப்பையும் தாங்கும். ஆனால் வருடங்கள் போகப்போக இறுகி வெடிக்கும், வெடிப்பில் புகுந்த தண்ணீர் வெளியே வராது, மேலே கறுப்பாக நன்றாயிருக்கும்போதே உள்ளே தகரம் தின்னப்பட்டிருக்கும். பத்மினிக்குத் தனி சேசிஸ் கிடையாது, கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிப் பகுதிதான் வண்டியைத் தாங்குகிறது, அங்கே இந்தச் சூதாட்டம் எனக்கு ஒத்துவரவில்லை. அதற்குப் பதில் நான் சொல்வது மெழுகுக் கோட்டிங். அது இறுகாது, துரு வந்தால் கண்ணுக்குத் தெரியும். அழுக்கு ஒட்டும், கழுவக் கழுவப் போகும், ஐப்பசி மழைக்கு முன் வருடாவருடம் அடிக்க வேண்டும் என்பது தொல்லைதான். அடிக்கும்போது கதவின் அடியில் தண்ணீர் வடியும் ஓட்டைகளை அடைத்துவிடாதீர்கள், முடிந்ததும் ஒரு கம்பியை விட்டுப் பாருங்கள்.