வெளிநாட்டுப் பயணத்துக்கு 25,000 ரூபாய்க்குள் என்ன போன் வாங்கலாம்?

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ எந்த போன் கடையில் நுழைந்து "வெளிநாட்டுக்குக் கொண்டு போகணும்" என்று சொன்னாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "எல்லா சிம்மும் எடுக்கும் அண்ணே, ஓப்பன் போன்தான்." அது பொய் இல்லை. இந்தியக் கடைகளில் விற்கும் போன்களில் பெரும்பாலானவற்றுக்கு, ஒரே கம்பெனி சிம்மை மட்டும் ஏற்கும் நெட்வொர்க் லாக் கிடையாது. ஆனால் சிம் எடுப்பது வேறு, ரேஞ்ச் கிடைப்பது வேறு. துபாயில் இறங்கி சிம் போட்டதும் கம்பெனி பெயர் திரையில் வந்துவிடும். தங்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியதும் நாலு கோடு சிக்னல் ஒரு கோடாகக் குறைந்துவிடும். அங்கே குற்றவாளி லாக் அல்ல, பேண்ட், அதாவது போன் பிடிக்கும் அலைவரிசை. அதனால் கேமரா எத்தனை மெகாபிக்சல் என்ற பேச்சுக்கே இந்த மதிப்பீட்டில் இடமில்லை.

லாக் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். இந்தியாவிலும் லாக் போட்ட போன்கள் உண்டு. ஜியோபோன், ஜியோபாரத் வகை கீபேடு போன்களில் ஜியோ தவிர வேறு சிம் ஓடாது. 2023-இல் வந்த போக்கோ சி51 போனின் ஏர்டெல் பதிப்பு விலை குறைவாக விற்றதற்குக் காரணம், 18 மாதம் ஏர்டெல் சிம் மட்டுமே ஏற்கும் நிபந்தனை. ஆன்லைனில் ஒரே போன் இரண்டு விலையில் தெரிந்தால், குறைந்த விலைக்குக் கீழே இருக்கும் சின்ன எழுத்தைப் படியுங்கள்.

இதைவிடப் பெரிய வில்லங்கம் தவணைக் கடன் லாக். ஆவணம் அதிகம் கேட்காமல் இஎம்ஐயில் தரும் போன்களில் நிதி நிறுவனத்தின் ஆப் ஒன்று அழிக்க முடியாதபடி உட்கார்ந்திருக்கும். ஒரு தவணை தவறினால் திரை பூட்டிக்கொள்ளும். கத்தாரில் இருந்துகொண்டு இங்குள்ள வங்கிக் கணக்கில் பணம் இல்லாமல் தவணை திரும்பிப் போனால், கையில் இருப்பது வெறும் கண்ணாடிப் பலகை. போகிறவர் பெயரில் தவணை பாக்கி இருக்கும் போனை வெளிநாட்டுக்குக் கொண்டு போகாதீர்கள். ரொக்கமாக 12,000 ரூபாய்க்கு வாங்கும் போன் அதைவிட மேல்.

சாம்சங் வாங்குகிறவர்கள் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைக் கவனிக்க வேண்டும். இந்தியா, வங்கதேசம், நேபாளம், இலங்கை உள்ளிட்ட வட்டார நாடுகளின் சிம் மட்டுமே முதலில் ஏற்கும் என்று அதில் இருக்கும். இது பிராந்திய லாக். கழற்றுவது சுலபம்: இந்திய சிம்மைப் போட்டு, மொத்தம் ஐந்து நிமிடத்துக்கு மேல் சாதாரணக் கால் பேசினால் போதும். வாட்ஸ்அப் கால் கணக்கில் வராது. பெட்டி பிரிக்காமல் மகனுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் பெற்றோர்தான் இதில் மாட்டுகிறார்கள். திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு வண்டி ஏறும் முன் வீட்டிலேயே பெட்டியைப் பிரித்துப் பேசிவிடுங்கள்.

இனி பேண்ட். ஒவ்வொரு நாட்டிலும் 4ஜி சேவை சில அலைவரிசைகளில் ஓடுகிறது. அந்த அலைவரிசைகளுக்கு எண் கொடுத்திருக்கிறார்கள். இந்தியாவில் முக்கியமானவை 1, 3, 5, 8, 40, 41. இங்கே விற்பதற்கென்றே தயாராகும் மலிவு போன்களில் செலவு குறைக்க, இந்த எண்களை மட்டும் வைத்து மற்றதை விட்டுவிடுகிறார்கள். வளைகுடாவில் அடிப்படை 3. அதனால் எந்த போனும் அங்கே ஓரளவு ஓடத்தான் செய்யும். ஆனால் ஐக்கிய அரபு அமீரகத்தில் சுவர் தாண்டி உள்ளே வருவது 20-ஆம் பேண்ட், அதாவது 800 மெகாஹெர்ட்ஸ். மெகாஹெர்ட்ஸ் குறையக் குறைய அலை தூரம் போகும், கான்கிரீட்டையும் துளைக்கும். 20 இல்லாத போன் ரோட்டில் நன்றாக இருக்கும், தங்குமிடத்தின் உள் அறையில் தவிக்கும். சவூதிக்கு 3-உடன் 40, 28 இருந்தால் நல்லது. பிரிட்டன், ஜெர்மனி போகும் நர்ஸ்களுக்கு 20-உம் 7-உம் கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவில் 28, 3. சிங்கப்பூர், மலேசியாவில் 3, 7, 8, 28.

அமெரிக்காவும் கனடாவும் தனி உலகம். அங்கே 2, 4, 12, 13, 66 என்று போகும். இந்திய மலிவு போன்களில் இவை பெரும்பாலும் இருக்காது. மகளின் பேறுகாலம் பார்க்க ஆறு மாதம் போகும் அம்மாவுக்கு 10,000 ரூபாய் போன் வாங்கிக் கொடுத்தால், வீட்டு வைஃபையில் மட்டும் உயிரோடு இருக்கும்.

பேண்டைப் பார்க்க போனின் பெயர் போதாது, மாடல் எண் வேண்டும். செட்டிங்ஸில் 'அபவுட் போன்' பகுதியில் அது இருக்கும். பெட்டியின் பக்கவாட்டிலும் அச்சாகியிருக்கும். சாம்சங் ஏ35 என்று ஒரே பெயரில் விற்றாலும் இந்தியாவுக்கு வருவது எஸ்எம்-ஏ356இ, ஐரோப்பாவுக்குப் போவது எஸ்எம்-ஏ356பி. கடைசி எழுத்து மாறினால் பேண்ட் பட்டியலும் மாறும். யூடியூபில் யாரோ ஜெர்மனியில் இருந்து "எல்லா பேண்டும் இருக்கு" என்று காட்டும் போனும் நம்மூர்க் கடையில் இருக்கும் போனும் அண்ணன் தம்பிதான், ஒரே ஆள் இல்லை. கம்பெனியின் இந்திய இணையதளத்தில் உள்ள பட்டியலைப் பாருங்கள்.

பேண்ட் பொருந்தியும் கால் போகாத கதை வோல்டியால் (4ஜி வழியாகவே குரல் போகும் வசதி) வருவது. 2ஜி, 3ஜி இருக்கும் வரை, 4ஜியில் குரல் போகாவிட்டால் போன் தானாகக் கீழே இறங்கிப் பேசிவிடும். இப்போது இறங்குவதற்குப் படியே இல்லாத நாடுகள் பெருகிவிட்டன. சிங்கப்பூர் 2017-இல் 2ஜியையும் 2024-இல் 3ஜியையும் மூடிவிட்டது. பழைய கீபேடு நோக்கியாவை அங்கே கொண்டு போனால் டார்ச் அடிக்கத்தான் உதவும். அமெரிக்காவின் பெரிய கம்பெனிகள் 2022-இல் 3ஜியை நிறுத்தின. அதில் ஏடி&டி, தான் ஒப்புக்கொண்ட மாடல் பட்டியலில் இல்லாத போனை ஏற்பதில்லை. ஆஸ்திரேலியாவில் 2024 அக்டோபர் இறுதியில் 3ஜி நின்றதோடு, 000 என்ற அவசர எண்ணை வோல்டியில் அழைக்க முடியாத போன்களை நெட்வொர்க்கிலேயே தடுக்கும் விதியும் வந்தது. அமெரிக்காவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ போகிறவர்கள், மாடல் எண்ணை அங்கிருக்கும் சொந்தக்காரருக்கு முன்கூட்டியே அனுப்பி, அவர் வைத்திருக்கும் சிம் கம்பெனியில் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

அடுத்து இ-சிம், அதாவது அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதியும் சிம். ஊர் எண்ணுக்கு ஓடிபி வராவிட்டால் வங்கி, ஆதார் எதுவும் நகராது. அதனால் இந்திய எண்ணும் அந்நாட்டு எண்ணும் ஒரே போனில் இருக்க வேண்டும். இரண்டு சிம் தட்டு உள்ள போனே இதற்குப் போதும். ஆனால் ஒரு தட்டும் ஒரு இ-சிம்மும் உள்ள போனில் வசதி அதிகம். இதில் எங்கள் பரிந்துரை ஊரில் சொல்வதற்கு நேர்மாறு: இந்திய எண்ணைத் தட்டில் விட்டுவிட்டு, வெளிநாட்டு எண்ணை இ-சிம்மாக வாங்குங்கள். போன் உடைந்தால் தட்டு சிம்மைக் கழற்றி அடுத்த போனில் போட்டுவிடலாம். இந்திய எண் இ-சிம்மாக இருந்து போன் செத்தால், அங்கிருந்துகொண்டு அதை மீட்பது பெரும்பாடு. சிம் மாற்றினால் முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது என்பதும் இந்தியாவில் விதி. டிக்கெட் நாளுக்கு முந்தைய நாள் இ-சிம்முக்கு மாறியவர்கள் விமான நிலையத்தில் ஓடிபிக்குக் காத்திருப்பது இதனால்தான்.

போன் இ-சிம் ஏற்குமா என்று அறிய *#06# அழுத்துங்கள். போனின் அடையாளமான ஐஎம்இஐ எண்களோடு இஐடி என்ற 32 இலக்க எண்ணும் வந்தால் உண்டு.

மாடல்களுக்கு வருவோம். கீழே உள்ளவை அறிமுக விலைகள். பண்டிகைத் தள்ளுபடியில் குறையும்.

எங்கள் முதல் தேர்வு மோட்டோரோலா எட்ஜ் 50 நியோ. 2024 செப்டம்பரில் 23,999 ரூபாய்க்கு வந்தது. 171 கிராம், 6.4 அங்குலம், சட்டைப் பையில் அடங்கும். தண்ணீர், தூசி தாங்கும் ஐபி68 தரம், ஒரு சிம் தட்டு, ஒரு இ-சிம், ஐந்து ஆண்டு அப்டேட் வாக்குறுதி. சார்ஜர் பெட்டியிலேயே வருகிறது. குறை பேட்டரி: 4,310 எம்ஏஎச்தான். நாள் முழுக்க வீடியோ காலில் இருப்பவர்களுக்கு மாலையில் தாகம் எடுக்கும். அவர்களுக்கு 2025 ஏப்ரலில் 22,999-க்கு வந்த எட்ஜ் 60 ஃபியூஷன் பொருந்தும். 5,500 எம்ஏஎச், ஐபி69 கூடுதல். அப்டேட் காலம் மட்டும் குறைவு.

சாம்சங் ஏ35 2024-இல் 30,999-க்கு வந்தது. அடுத்த மாடல் வந்த பிறகு விலை இறங்கிய போன் இது. 25,000-க்குள் கிடைத்தால் எடுக்கலாம். ஐந்து ஆண்டு பாதுகாப்பு அப்டேட் உண்டு. பெட்டியில் சார்ஜர் இல்லை, தனியாக 25 வாட் சார்ஜர் வாங்க வேண்டும். விலை ஒப்பிடும்போது அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். எம், எஃப் வரிசை சாம்சங் போன்களில் பெரும்பாலும் இ-சிம் இல்லை. பெயர் ஒரே குடும்பம் என்று ஏமாற வேண்டாம்.

12,000 ரூபாய்க்குள் என்றால் இ-சிம்மை மறந்துவிட்டு இரண்டு தட்டு, வோல்டி, 20-ஆம் பேண்ட் மூன்றையும் மட்டும் தேடுங்கள். வளைகுடாவுக்கு அது போதும்.

பழைய ஐபோன் வாங்குவதாக இருந்தால் ஐபோன் 11 நல்ல கணக்கு. பேண்ட் விஷயத்தில் அதை மிஞ்ச மலிவு ஆண்ட்ராய்டு கிடையாது. செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் என்று போனால் 'கேரியர் லாக்' வரியில் 'நோ சிம் ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்' என்று இருக்க வேண்டும். வேறு எது இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எந்த நாட்டு போன் என்பதும் முக்கியம். அமெரிக்க ஐபோன் 14 முதல் சிம் தட்டே கிடையாது. ஐபோன் 17-இல் சவூதி, அமீரகம், கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன் போன்களுக்கும் தட்டு போய்விட்டது. மச்சான் கல்ஃபில் இருந்து கொண்டுவரும் போனில் இந்திய எண்ணை இ-சிம்மாக மாற்றித்தான் ஆக வேண்டும். ஜியோ, ஏர்டெல், வி (வோடஃபோன் ஐடியா) மூன்றிலும் இந்த வசதி முன்பே உண்டு. பிஎஸ்என்எல் 2025-இல்தான் தொடங்கியது. சீன ஐபோன்களில் பெரும்பாலும் நிலைமை தலைகீழ்: இரண்டு சிம் அட்டை போடலாம், இ-சிம் இருக்காது. பழைய பிக்சல் 6ஏ மலிவாக வந்தால் விட்டுவிடுங்கள். பேட்டரி சூடாகும் பிரச்சினைக்காக 2025-இல் கூகுளே அப்டேட் மூலம் அதன் பேட்டரி திறனைக் குறைத்த மாடல் அது.

பழைய போன் எதுவானாலும் பணம் கொடுக்கும் முன், கே-ஒய்-எம் என்ற ஆங்கில எழுத்துகளை அடித்து, இடைவெளி விட்டு, 15 இலக்க ஐஎம்இஐ எண்ணைச் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். திருட்டு போன் என்று பதிவாகியிருந்தால் தெரிந்துவிடும்.

தூத்தூர், கொளச்சல் பக்கத்தில் இருந்து பஹ்ரைன், கத்தார் விசைப்படகுகளுக்குப் போகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஐபி68 என்பது நல்ல தண்ணீரில் செய்த சோதனை. உப்புத் தண்ணீர் சார்ஜிங் துளையின் உலோகத்தை அரிக்கும். தண்ணீர் புகுந்தால் வாரண்டியும் பெரும்பாலும் கிடையாது. கடலில் நனைந்தால் உடனே நல்ல தண்ணீரில் அலசி, துளை முழுதாகக் காயும் வரை சார்ஜ் போடாதீர்கள். ஈரத்தோடு சார்ஜ் போடும்போதுதான் துளை கருகுகிறது. உறை போட்டுத் தொங்கவிடும் 200 ரூபாய் பிளாஸ்டிக் பை எந்த ஐபி எண்ணையும்விட நம்பகமானது. கரைக்கு அப்பால் ரேஞ்சுக்காக அங்கே துரையா சேட்டிலைட் போன் வாங்கினால் அதை ஊருக்குக் கொண்டு வர வேண்டாம். அரசு அனுமதி இல்லாமல் இந்தியாவில் அதை வைத்திருப்பதே குற்றம்.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பாவது புது போனுக்கு மாறிவிடுங்கள். வங்கி ஆப், யுபிஐ இரண்டும் இந்திய சிம்மில் இருந்து எஸ்எம்எஸ் அனுப்பித்தான் போனைப் பதிவு செய்கின்றன. ரோமிங்கில் அந்த எஸ்எம்எஸ்ஸுக்குக் காசு பிடிக்கும், பல நேரம் போகவும் போகாது. சர்வதேச ரோமிங்கை இங்கேயே திறந்துவிட்டு, இந்திய சிம்மின் டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்து வையுங்கள். அமீரகத்தில் வாட்ஸ்அப் கால் போகவில்லை என்று போனைக் குறை சொல்லாதீர்கள். அது அந்நாட்டுக் கட்டுப்பாடு. எந்த போனிலும் போகாது.

சார்ஜர் பிளக்கும் மறக்கக்கூடாது. வளைகுடா, சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டன் எல்லாம் தட்டையான மூன்று முள். நம்முடைய உருண்டை இரட்டை முள் அதில் ஏறாது. அடாப்டர் ஒன்று பெட்டியில் போடுங்கள். ஐரோப்பாவின் மற்ற நாடுகளில் பெரும்பாலும் நம் இரட்டை முள் பிளக் அப்படியே ஏறும். அமெரிக்காவில் 120 வோல்ட். சார்ஜரின் மேல் 100-240 வோல்ட் என்று அச்சாகியிருந்தால் அடாப்டர் மட்டும் போதும். பவர் பேங்க் 20,000 எம்ஏஎச் வரை சிக்கலில்லை. ஆனால் கைப்பையில்தான் போக வேண்டும், செக்-இன் பெட்டியில் வைத்தால் எடுத்துவிடுவார்கள்.