எங்கள் பாத்ரூம் சுவரில் 14 காக்கைகள்

"எவர்கிரீன் டிசைன் சார், இருபது வருஷம் கழிச்சுப் பார்த்தாலும் புதுசாத்தான் இருக்கும்" என்று சொல்லித்தான் அந்த டைல்ஸை என் தலையில் கட்டினார்கள். வெள்ளை மார்பிளில் சாம்பல் ரேகை ஓடுவது போன்ற பளபளா டைல். எட்டு மாதத்துக்குள் தரை முழுவதையும் பெயர்த்தாகிவிட்டது. டைல்ஸ் வாங்கக் கிளம்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

கடையில் ஒரே ஒரு டைலைத்தான் நிறுத்தி வைத்திருந்தார்கள், மேலே மஞ்சள் விளக்கு. ரேகைகளுக்கு நடுவே சிறகு விரித்த காக்கை மாதிரி ஒரு கோடு. அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஒட்டி முடித்து முதல் நாள் குளிக்கப் போனால் கதவுக்கு மேலே அதே காக்கை. குழாய்க்குப் பக்கத்தில் இன்னொன்று, தலைகீழாக. சோப்புத் தேய்ப்பதை விட்டுவிட்டு எண்ணிப் பார்த்தேன்: 14. அது கல் இல்லை, மேலே அச்சடித்த படம். ஒரு டிசைனுக்கு எத்தனை விதமான படம் அச்சடிக்கிறார்கள் என்று கேட்க வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது. எங்களுடையதில் மூன்றே மூன்று. ஏழெட்டு டைலைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தரையில் பரப்பி, வாசல் வெளிச்சத்தில் பார்த்திருந்தால் அங்கேயே பிடிபட்டிருக்கும்.

காக்கையையாவது சகித்துக்கொள்ளலாம். தரை விஷயத்தில் செய்தது சுத்த ஏமாற்று. "இதையே தரைக்கும் போடலாமா?" என்று இரண்டு தடவை கேட்டேன். விற்பனையாளர் வாயால் பதில் சொல்லவில்லை. ஒரு டம்ளர் தண்ணீரை டைல் மேல் ஊற்றி, துணியால் வழித்தெடுத்து, "பாருங்க சார், ஒரு சொட்டு இறங்குதா?" என்றார். நானும் தலையாட்டினேன். மேலே இருப்பது கண்ணாடி மாதிரியான பூச்சு. அதில் எப்படி இறங்கும்? டைலைத் திருப்பிப் போட்டு முதுகில் ஊற்றியிருக்க வேண்டும். சுவர் டைல் ஒற்றுத்தாள் மாதிரி உறிஞ்சிவிடும், பெரும்பாலும் தன் எடையில் 10 சதவீதத்துக்கு மேல். தரைக்கு ஏற்ற விட்ரிஃபைட் டைல், அதாவது கண்ணாடி மாதிரி இறுகும்வரை சுட்ட டைல், 0.5 சதவீதத்தைத் தாண்டாது.

பாதித் தரை ஒட்டிய பிறகுதான் மேஸ்திரி காலிப் பெட்டியைத் திருப்பிக் காட்டினார். "சார், இது செவுத்து டைலுன்னு போட்டிருக்கே?" கடைக்கு போன் செய்தேன். "எல்லாரும் போடுறாங்க சார், ஒண்ணும் ஆகாது." மூன்றாம் மாதம் இரும்பு வாளி விழுந்து ஒரு மூலை பெயர்ந்தது. பூச்சு போன இடத்தில் தண்ணீர் இறங்கி, அந்த டைல் மட்டும் நிரந்தரமாக ஈரத் துணி நிறத்தில் கிடந்தது. அப்புறம் ஒரு நாள் சோப்புத் தண்ணீரில் அம்மா வழுக்கினார். கதவுப் பிடி கையில் அகப்பட்டதால் தப்பித்தார். அன்றே பெயர்ப்பது என்று முடிவு செய்தோம். டைலோடு அடியிலிருந்த நீர்க்காப்புப் பூச்சும் வந்துவிட்டது, அதற்குத் தனிச் செலவு.

இன்னொன்று, பேட்ச். 18 பெட்டியில் 5 பெட்டி வேறு சுடுதலில், அதாவது சூளையில் வேறொரு தடவை சுட்டதில், வந்தவை. ஒவ்வொரு சுடுதலுக்கும் நிறம் கொஞ்சம் மாறும், அளவும் மில்லிமீட்டர் கணக்கில் கூடக் குறைய இருக்கும். அதனால்தான் பெட்டியில் ஷேட் எண் அடிக்கிறார்கள். எங்கள் வீட்டில் இடது சுவர் பால் வெள்ளை, வலது சுவர் லேசான மஞ்சள். மூலையில் இணைப்புக் கோடுகள் ஒன்றோடொன்று சேரவில்லை. கேட்டதற்கு, "இயற்கைக் கல்லுன்னா ஷேட் மாறத்தான் சார் செய்யும்." அச்சடித்த டைலுக்கு எங்கிருந்து வந்தது இயற்கை? பில்லைப் பார்த்தால் "டைல்ஸ் 18 பெட்டி", அவ்வளவுதான். சண்டை போட என்னிடம் ஒன்றுமே இல்லை. நீங்கள் மாடல், ஷேட் எண், தரைக்கா சுவருக்கா என்பதையெல்லாம் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். வீட்டில் இறக்கியதும் ஒவ்வொரு பெட்டியின் எண்ணையும் பாருங்கள். ஒட்டிய பிறகு எந்தக் கடையும் திரும்ப எடுக்காது.

இரண்டாவது முறை கடையை மாற்றினேன். வெறுங்காலுக்கான வழுக்குச் சோதனையின் முடிவைக் கேட்டேன். சாய்தளத்தில் சோப்புத் தண்ணீரை ஓடவிட்டு வெறுங்காலோடு ஆளை நடக்கவிட்டுப் பார்த்து ஏ, பி, சி என்று தரம் கொடுக்கிறார்கள், சி தான் உயர்ந்தது. பி வாங்கினேன். மங்கலான சாம்பல் நிறம், சின்ன அளவு. சின்ன டைல் என்றால் வாட்டம் எடுப்பதும் சுலபம், இணைப்புகள் நிறைய இருப்பதால் காலுக்கும் பிடிப்பு.

எவர்கிரீன் என்றால் 1904இல் திறந்த நியூயார்க் சுரங்க ரயில் நிலையங்களில் ஒட்டிய சாதாரண வெள்ளை டைலைத்தான் சொல்வேன். 3க்கு 6 அங்குலம், ரேகையும் இல்லை, காக்கையும் இல்லை. இன்றைக்கும் அதைப் புதுப் பாத்ரூம்களில் ஒட்டுகிறார்கள்.

சுவரைப் பெயர்க்கக் காசில்லை. ஒரு காக்கையைக் கண்ணாடி மறைத்துவிட்டது, இன்னொன்றின் மேல் டவல் கம்பி அடித்திருக்கிறேன். பாக்கி 12.